நூற்றுக்கு நூறு வாங்கும் பாக்டீரியா

ஒரு பையன் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டான் என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்தப் பாடத்தில்?" என்பதுதான். கணக்கில் நூறு வாங்கியவன் மற்ற பாடங்களில் முப்பத்தைந்தைத் தாண்டாமல் இருக்கலாம். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் ஒரு பாடத்தை மட்டும் பார்த்து அவனை மாநிலத்தில் முதல் மாணவன் என்று சொல்லிவிட முடியுமா?

அறிவியல் செய்திகளில் பல வருடங்களாக இப்படி ஒரு மாணவனைப் புகழ்ந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த மாணவனின் பெயர் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. "இந்த நுண்ணுயிர் தன்மேல் விழும் ஒளியைக் கிட்டத்தட்ட 100 சதவீதம் பயன்படுத்திக்கொள்கிறது, மனிதன் செய்த சோலார் பேனலோ 20 சதவீதத்தில் தடுமாறுகிறது, பாக்டீரியாவைப் போலவே ஒரு கருவி செய்துவிட்டால் உலகத்தின் மின்சாரப் பஞ்சமே தீர்ந்துவிடும்!" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு பெரிய கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க இயற்பியல் பட்டம் தேவையில்லை. வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் பாக்டீரியாவின் பெருமை

பிழையைச் சொல்வதற்கு முன்னால் பெருமையைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஏனென்றால் பெருமை உண்மையானது.

1932-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் எமர்சன், வில்லியம் ஆர்னால்ட் என்ற இருவர் குளோரெல்லா என்னும் பாசியின் மேல் மின்னல் போன்ற மிகச் சிறிய ஒளி வெட்டுகளைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். ஒரு வெட்டுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று அளந்தார்கள். ஒவ்வொரு பச்சைய மூலக்கூறும் தனித்தனியாக வேலை செய்தால் நிறைய ஆக்சிஜன் வந்திருக்க வேண்டும். வந்ததோ மிகக் குறைவு. சுமார் 2,500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஒரே ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு! அப்படியென்றால் மற்ற மூலக்கூறுகள் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தன?

அவை வசூல் செய்துகொண்டிருந்தன. ஒளிச்சேர்க்கையில் இரண்டு வகையான ஊழியர்கள் இருக்கிறார்கள். வெளியே சுற்றி ஒளியைப் பிடித்து வருபவர்கள் ஒரு வகை. இவர்கள் எண்ணிக்கையில் ஏராளம். அவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் ஆற்றலை வாங்கி எலக்ட்ரானாக மாற்றும் காசாளர் இன்னொரு வகை. இவருக்கு 'வினை மையம்' என்று பெயர். இவர் எண்ணிக்கையில் குறைவு. வீட்டுக் கூரை முழுவதும் விழுகிற மழையைக் குழாய் வழியாக ஒரே தொட்டிக்குக் கொண்டுவருவது போன்ற ஏற்பாடு இது. கூரைக்கு நிறமிக் கூட்டங்கள், தொட்டிக்கு வினை மையம். ஊதாப் பாக்டீரியா ஒன்றின் வினை மையத்தை அணு அணுவாகப் படம் பிடித்ததற்காக டைசன்ஹோஃபர், ஹூபர், மிஷெல் ஆகிய மூவருக்கு 1988-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கூரையின் படம் 1995-ல் வந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஊதாப் பாக்டீரியாவின் ஒளி சேகரிக்கும் புரதத்தைப் படம் பிடித்துக் காட்டினார்கள். அதில் 18 நிறமிகள் ஒரு வளையமாகவும் 9 நிறமிகள் இன்னொரு வளையமாகவும், கோயில் தேர்ச் சக்கரத்தின் ஆரங்கள் போல, அத்தனை ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

இந்த வளையத்தில் ஓர் ஒளித்துகள் விழுந்தால் அதன் ஆற்றல் கைமாறிக் கைமாறி வினை மையத்தை அடைய ஏறக்குறைய நூறு பிக்கோநொடி அளவே ஆகிறது. ஒரு பிக்கோநொடி என்பது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. நிறமியிடம் ஆற்றல் ஒரு நானோநொடி அளவுதான், அதாவது ஆயிரம் பிக்கோநொடிகள்தான் தங்கும். அதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் வெப்பமாகவோ மங்கிய ஒளியாகவோ வீணாகிவிடும். பத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே வேலை முடிந்துவிடுவதால் நூறு துகள் பிடித்தால் தொண்ணூறுக்கும் மேல் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அந்தப் புகழ்பெற்ற 'கிட்டத்தட்ட 100 சதவீதம்' இதுதான்.

பச்சைக் கந்தகப் பாக்டீரியாக்கள் இதையும் தாண்டியவை. கருங்கடலில் சுமார் 80 மீட்டர் ஆழத்தில் இவை வாழ்கின்றன. மேற்பரப்பில் விழும் வெளிச்சத்தில் 0.001 சதவீதம்கூட அங்கே போய்ச் சேர்வதில்லை. 2005-ல் வெளியான ஓர் ஆய்வு இதைவிட ஆச்சரியமானது. பசிபிக் கடலில் 2,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், சூரியனே எட்டிப் பார்க்காத இடத்தில், வெந்நீர் ஊற்றின் மங்கிய ஒளியை நம்பிப் பிழைக்கும் இந்த இனப் பாக்டீரியா ஒன்றை அது விவரித்தது. இவற்றிடம் 'குளோரோசோம்' என்ற பை ஒன்று இருக்கிறது. ஒரே பைக்குள் இரண்டு லட்சம் நிறமி மூலக்கூறுகள் வரை இருக்கும். அவற்றைப் பிடித்து நிறுத்தப் புரதச் சட்டமும் கிடையாது. மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டு குழாய்களாக நிற்கின்றன. ஜப்பானின் ஹிதோஷி தமியாகி, ஜெர்மனியில் பணியாற்றிய சில்வியு பாலபான் போன்ற வேதியியலாளர்கள் இதே போலத் தாமாக அடுக்கிக்கொள்ளும் செயற்கை நிறமிகளை உருவாக்கிக் காட்டினார்கள். செயற்கை ஒளி சேகரிப்பு என்ற துறை இங்கிருந்துதான் வேர்விடுகிறது.

இதையெல்லாம் படிக்கும்போது வியப்பு வராவிட்டால்தான் அதிசயம்.

எந்தப் பாடத்தில் நூறு?

ஒரு நிறுவனத்தில் வசூல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நூறு பில்களில் தொண்ணூற்றெட்டை அது வசூலித்துவிடுகிறது. உடனே அந்த நிறுவனத்தின் லாபம் 98 சதவீதம் என்று எவராவது எழுதினால் சிரிக்க மாட்டோமா? வசூல் வேறு, லாபம் வேறு. நடுவில் மூலப்பொருள், சம்பளம், வாடகை, தேய்மானம், வட்டி எல்லாம் இருக்கின்றன.

பாக்டீரியாவின் 100 சதவீதம் வசூல் பிரிவின் கணக்கு. பிடிபட்ட ஒளித்துகள்களில் எத்தனை வினை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்ற எண்ணிக்கை மட்டும்தான் அது. பிடிபடாத நிறங்களின் ஒளி அந்தக் கணக்கிலேயே இல்லை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆற்றல் சிறிது வெப்பமாக இறங்குகிறதே, அதுவும் இல்லை. வினை மையத்துக்குப் பிறகு உணவாக மாறும் வரை நடக்கும் இழப்புகளும் இல்லை.

சோலார் பேனலின் 20 சதவீதமோ முழு நிறுவனத்தின் கணக்கு. மேலே விழுந்த மொத்தச் சூரிய ஆற்றலைக் கீழே போட்டு, கம்பியில் வந்த மின்சாரத்தை மேலே போட்டு வகுத்து வந்த எண். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, ஒருவரின் மொத்த விற்பனையை இன்னொருவரின் நிகர லாபத்தோடு ஒப்பிடுவதற்குச் சமம்.

ஒரே அளவுகோலால் அளந்தால் என்ன ஆகும்? ஜு, லாங், ஆர்ட் ஆகிய மூவர் 2008-ல் தாவரங்களுக்குக் கணக்குப் போட்டார்கள். சூரிய ஆற்றலை உயிர்ப்பொருளாக மாற்றுவதில் நெல், கோதுமை வகைப் பயிர்கள் கோட்பாட்டளவில் எட்டக்கூடிய உச்சம் 4.6 சதவீதம். சோளம், கரும்பு வகைக்கு 6 சதவீதம். 2011-ல் ராபர்ட் பிளாங்கன்ஷிப் தலைமையில் பதினெட்டுப் பேர் 'சயன்ஸ்' இதழில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். பேனலில் வரும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதையும் பயிரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தார்கள். வருடச் சராசரியில் பயிர்கள் பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை, பேனல் வழி பல மடங்கு முன்னால் நிற்கிறது என்பது முடிவு. இந்த பிளாங்கன்ஷிப் ஒன்றும் ஒளிச்சேர்க்கைக்கு எதிரி அல்ல. வாழ்நாள் முழுவதும் அதையே ஆராய்ந்தவர். அவரே இப்படி எழுதியதுதான் அறிவியலின் நேர்மை.

'குவாண்டம்' என்ற மந்திரச் சொல்

செய்திகளில் இந்தப் பிழை மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. 2007-ல் இன்னொன்று சேர்ந்துகொண்டது.

குளோரோசோமுக்கும் வினை மையத்துக்கும் நடுவில் எஃப்.எம்.ஓ என்ற சிறிய புரதம் ஒன்று பாலம் போல இருக்கிறது. பெர்க்லியில் கிரஹாம் ஃபிளெமிங் குழுவினர் அதை மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்து லேசர் பாய்ச்சி ஆராய்ந்தார்கள். ஆற்றல் அலை போல நடந்துகொள்வதற்கான துடிப்புகள் 660 ஃபெம்டோநொடிகள் வரை நீடித்ததாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அலை என்றால் ஒரே சமயத்தில் எல்லா வழிகளையும் சோதித்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? உடனே கிளம்பிவிட்டது கதை. பாக்டீரியா ஒரு குவாண்டம் கம்ப்யூட்டர்! கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பே இயற்கை இதைக் கண்டுபிடித்துவிட்டது! குவாண்டம் சோலார் பேனல் வரப்போகிறது!

பத்து வருடம் கழித்து, 2017-ல், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் டுவெய்ன் மில்லரும் மற்றவர்களும் அதே புரதத்தைச் சாதாரண அறை வெப்பத்தில் ஆராய்ந்தார்கள். அந்த அலைத் தன்மை 60 ஃபெம்டோநொடிகளுக்குள் மறைந்துவிடுகிறது, ஆற்றலைக் கடத்தும் வேலைக்கு அது உதவ வழியில்லை என்றார்கள். 2020-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய மறுபார்வையும் இதையே சொன்னது. முன்பு பார்த்த நீண்ட துடிப்புகள் பெரும்பாலும் மூலக்கூறுகளின் அதிர்வுகள்தான் என்றது. கிளாஸ்கோவில் வளையத்தைப் படம் பிடித்த குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் காக்டெலும் அதை எழுதியவர்களில் ஒருவர்.

2007-ல் எழுதியவர்கள் ஏமாற்றினார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு கருத்தைச் சொல்வது, மற்றவர்கள் சோதிப்பது, தவறென்றால் திருத்துவது, இப்படித்தான் அறிவியல் நடக்கும். வருத்தம் என்னவென்றால், முதல் செய்திக்குக் கிடைத்த கொட்டு மேளத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் திருத்தத்துக்குக் கிடைக்கவில்லை. இன்றும் பாக்டீரியாவின் 'குவாண்டம் ரகசியம்' பற்றிப் புதிதாகக் கண்டுபிடித்தது போல எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாக்டீரியாவிடம் உண்மையில் கற்க வேண்டியது

அப்படியானால் இந்த ஆராய்ச்சியே வீணா? இல்லவே இல்லை. தவறான பாடத்தைப் படிக்கிறார்கள் என்பதுதான் குறை.

பாக்டீரியா இவ்வளவு பெரிய கூரையை ஏன் வைத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அது வசிக்கும் இடத்தில் வெளிச்சம் அரிது. வினை மையம் செய்வதோ செலவான காரியம். பெரிய புரதங்கள், பல வகைத் துணை மூலக்கூறுகள் எல்லாம் வேண்டும். ஒரு தனி நிறமிக்கு ஒளித்துகள் கிடைக்கவே வெகுநேரம் ஆகும் இடத்தில், ஒவ்வொரு நிறமிக்கும் ஒரு வினை மையம் கட்டி வைத்தால் அத்தனையும் சும்மா உட்கார்ந்திருக்கும். அதனால் மலிவான வசூல்காரர்களை ஏராளமாக வைத்து, விலையுயர்ந்த காசாளரைக் குறைவாக வைத்து, அவரை எப்போதும் வேலையாக வைத்திருக்கிறது. இது செயல்திறனின் கதை அல்ல. சிக்கனத்தின் கதை.

இந்தச் சிக்கனம் எப்போது லாபம் தரும்? ஆற்றலை மாற்றும் பகுதி விலை கூடியதாகவும் சேகரிக்கும் பகுதி விலை மலிவாகவும் இருந்தால் மட்டுமே. 1976-ல் வெபர், லாம்ப் என்ற இருவர் சாயம் கலந்த தகட்டால் ஒளியைச் சேகரித்து அதன் ஓரத்தில் வைத்த சிறிய சோலார் செல்லுக்கு அனுப்பலாம் என்று யோசனை சொன்னார்கள். செல்லின் விலை எட்டாத உயரத்தில் இருந்த அந்தக் காலத்துக்கு மிகப் பொருத்தமான யோசனை. ஆனால் 2010-க்கும் 2020-க்கும் நடுவில் பேனல் விலை சுமார் 90 சதவீதம் விழுந்துவிட்டது. காசாளரின் சம்பளமே வசூல்காரர் சம்பளத்துக்கு இறங்கிவிட்ட பிறகு, மொட்டை மாடியில் போய் சிலிக்கானோடு போட்டி போட்டால் ஜெயிக்க முடியுமா?

தேய்மானம் என்ற இன்னொரு செலவும் இருக்கிறது. தாவரங்களில் தண்ணீரைப் பிரிக்கும் பகுதியில் டி1 என்று ஒரு புரதம் உண்டு. கடும் வெயிலில் அது அரை மணிக்கு ஒருமுறை பழுதாகிறது. செடி அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பழுது பார்க்கும் செலவைத் தன் உணவிலிருந்தே கட்டுகிறது. சோலார் பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். மனிதன் செய்த நிறமிக் குழாய்களுக்குத் தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளத் தெரியாது. வெயிலில் வைத்த சாயத் துணி வெளுப்பது போல வெளுத்துவிடும். இயற்கையின் வடிவத்தைக் காப்பியடித்துவிட்டு அதன் பராமரிப்புத் துறையை விட்டுவிட்டால் எப்படி?

இயற்கை செய்வதெல்லாம் மிகச் சிறந்ததாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. இயற்கை பரிணாமத்தில் பிழைப்பதற்காகச் செய்கிறது, மனிதனுக்கு மின்சாரம் தருவதற்காக அல்ல. வெயிலில் தாவரங்கள் அதிகப்படியான ஆற்றலை வெப்பமாக வெளியே தள்ளித் தம்மைக் காத்துக்கொள்கின்றன. மேகம் வந்து நிழல் விழுந்த பிறகும் அந்தக் கதவை மூட அவற்றுக்கு நேரமாகிறது. 2016-ல் இல்லினாய்ஸ், பெர்க்லி ஆய்வாளர்கள் மூன்று மரபணுக்களைத் திருத்தி அந்தக் கதவைச் சீக்கிரம் மூட வைத்தபோது புகையிலைச் செடி சுமார் 15 சதவீதம் கூடுதலாக வளர்ந்தது. ஆசிரியரிடமும் திருத்த வேண்டிய பிழை இருக்கிறது!

அப்படியென்றால் எங்கே?

பாக்டீரியா ஜெயித்த மைதானத்திலேயே அதன் மாணவர்களும் விளையாடலாமே! மங்கிய வெளிச்சம் ஒரு மைதானம். ஒளியைப் பிடிக்கும் வேலையைச் சாயத்துக்கும் எலக்ட்ரானைக் கடத்தும் வேலையை வேறொரு பொருளுக்கும் பிரித்துக் கொடுக்கும் செல்லை 1991-ல் ஓரீகனும் கிராட்செலும் சுவிட்சர்லாந்தில் உருவாக்கினார்கள். இந்த வேலைப் பிரிவினை ஒளிச்சேர்க்கையின் பாடம். வெயிலில் சிலிக்கானிடம் அது தோற்றது. ஆனால் 2017-ல் அறை விளக்கின் வெளிச்சத்தில் அதே வகைச் செல் 28 சதவீதத்துக்கு மேல் தந்தது. வீட்டுக்குள் வேலை செய்யும் சிறிய கருவிகளுக்கு பேட்டரியே மாற்ற வேண்டாம் என்றால் அது சின்ன விஷயமா?

எரிபொருள் தயாரிப்பு இன்னொரு மைதானம். தண்ணீரிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வர நான்கு எலக்ட்ரான்களை அடுத்தடுத்து எடுக்க வேண்டும். அதைச் செய்யும் நல்ல வினையூக்கிகளில் இரிடியம், ருத்தீனியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. அங்கே காசாளர் இன்னமும் அதிகச் சம்பளக்காரர்தான். அவரைச் சும்மா உட்கார விடாமல் ஆற்றலைக் கொண்டுவந்து கொட்டும் மலிவான கூரைக்கு அங்கே வேலை இருக்கிறது.

இங்கேயும் அவசரம் ஆபத்து. 2011-ல் அமெரிக்காவின் டேனியல் நொசெரா 'செயற்கை இலை'யை அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அவருடைய சன் கேட்டலிடிக்ஸ் நிறுவனத்தில் நம் டாட்டா குழுமமும் முதலீடு செய்திருந்தது. அறிவியல் சரியாகத்தான் இருந்தது. விலைக் கணக்கு ஒத்துவரவில்லை. நிறுவனம் வேறு வகை பேட்டரி தயாரிப்புக்குத் திரும்பி, 2014-ல் லாக்ஹீட் மார்ட்டினிடம் கைமாறியது.

"அடிப்படை ஆராய்ச்சியை லாப நட்டக் கணக்கால் அளக்கலாமா?" என்று சிலர் கோபப்படலாம். அளக்கக் கூடாது என்பதே சரி. எமர்சனும் ஆர்னால்டும் பேனல் விற்கவா பாசியின் மேல் ஒளி பாய்ச்சினார்கள்? தெரிந்துகொள்ளச் செய்தார்கள். அப்படிச் செய்கிற ஆய்வுக்கு அரசு பணம் தரத்தான் வேண்டும். தெரிந்துகொள்வதற்காகக் கேட்கும் பணத்தை "மின்சாரப் பஞ்சம் தீர்ப்போம்" என்று சொல்லிக் கேட்பதுதான் தவறு. வாக்குறுதி பொய்த்த அன்று கோபம் வாக்குறுதியோடு நிற்காது. பாக்டீரியாவைப் பொறுமையாகப் படித்துக்கொண்டிருக்கும் நல்ல ஆய்வுக்கூடத்தின் கதவையும் அது சேர்த்தே மூடிவிடும். மக்கள் பணம் ஒருமுறை ஏமாந்தால் மறுமுறை எளிதில் வராது.

ஆகவே இனி "இயற்கையைப் போலவே" என்று தொடங்கும் செய்தி எதைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். அந்தச் சதவீதத்தில் எதை எதனால் வகுத்தார்கள்? எவ்வளவு வெளிச்சத்தில் அளந்தார்கள்? எத்தனை நாள் தாங்கும்? பதில் இருந்தால் கைதட்டலாம். பதில் இல்லை என்றால் கொஞ்சம் காத்திருக்கலாம்.

காத்திருப்பது இந்தத் துறைக்குப் புதிதல்ல. 1912-ல் நியூயார்க்கில் இத்தாலிய வேதியியலாளர் ஜியாகோமோ சியாமிசியான் ஓர் உரை நிகழ்த்தினார். நிலக்கரியை நம்பிய நாகரிகம் ஒருநாள் சூரிய ஒளிக்குத் திரும்பும் என்றும், தாவரங்களின் ரகசியத்தை மனிதன் கற்றுக்கொள்வான் என்றும் சொன்னார். நூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் சொன்னதில் முதல் பாதி நடந்துகொண்டிருக்கிறது, அதுவும் சிலிக்கான் வழியாக. இரண்டாவது பாதிக்கு இன்னும் நிறையப் படிக்க வேண்டியிருக்கிறது. கருங்கடலின் இருட்டில் இருக்கும் அந்தப் பாக்டீரியாவோ, தனக்குக் கிடைக்கும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு ஏற்றபடி செலவு செய்து பிழைத்துக்கொண்டிருக்கிறது.